ரோமா வெறுப்பை எதிர்க்கும் பயிற்சி: பாடம் யாருக்கு?

2013 அக்டோபரில் அயர்லாந்துக் காவல்துறை அடுத்தடுத்த நாட்களில், ஜிப்ஸிகள் என்று பலரும் சொல்லும் ரோமா மக்களின் இரண்டு வீடுகளுக்குள் நுழைந்து குழந்தைகளை எடுத்துக்கொண்டு போனது. டப்ளினை ஒட்டிய டாலா பகுதியில் ஏழு வயதுச் சிறுமி, அத்லோன் நகரில் இரண்டு வயதுப் பையன். இரண்டு பிள்ளைகளுக்கும் பொன்னிறத் தலைமுடி, நீலக் கண்கள். பெற்றோர் ரோமாக்கள். சந்தேகத்துக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கிரீஸில் ஒரு ரோமா குடியிருப்பில் பொன்னிற முடியுள்ள ஒரு சிறுமியைக் கண்டு, கடத்தப்பட்ட குழந்தையாகத்தான் இருக்கும் என்று உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அலறிக்கொண்டிருந்தன. டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்தது. அயர்லாந்துக் குழந்தைகள் இருவரும் அந்தந்தப் பெற்றோருக்கே பிறந்தவர்கள். கிரீஸில் கிடைத்த சிறுமியைப் பெற்றவர்களும் பல்கேரியாவைச் சேர்ந்த ரோமாக்கள்தான் என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டு அயர்லாந்தின் குழந்தைகள் நலக் குறைதீர்ப்பாளராக இருந்த எமிலி லோகன் விசாரணை அறிக்கை கொடுத்தார். டாலா சிறுமியின் விஷயத்தில், குடும்பத்தின் இன அடையாளமே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்தது என்பது அவர் முடிவு. அரசு மன்னிப்புக் கேட்டது.

ரோமாக்கள் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற கதை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழசு. (சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் நம் ஊரில் யாரைக் காட்டிப் பயமுறுத்துவார்கள் என்று வாசகர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.) ஆனால் அந்தக் காவலர்கள் கெட்ட எண்ணத்தோடு போனவர்கள் இல்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போகிறோம் என்றுதான் போனார்கள். இளைஞர் மன்றம், முகாம் நடத்தும் இளைஞர் பணியாளர்களுக்கு ரோமா வெறுப்பை எதிர்க்கும் பயிற்சி என்று ஐரோப்பாவில் நடப்பவை எல்லாம் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வெறுப்போடு இருப்பவரிடம் பேசுவது ஒரு வேலை. நல்லது செய்வதாக நம்பிக்கொண்டே தவறு செய்பவரிடம் பேசுவது வேறு வேலை, அதுதான் கடினம்.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். ஐரோப்பாவில் ஒரு கோடி முதல் 1.2 கோடி வரை ரோமா மக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்தவர்கள். இவர்கள் பேசும் ரோமானி, இந்தோ ஆரிய மொழி. தமிழ் வாசகர்களுக்கு ஜிப்ஸி என்றதும் கூடார வண்டி, வயலின், குறி சொல்லும் பெண் என்று ஒரு படம் மனதில் ஓடும். உண்மையில் பெரும்பாலான ரோமாக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, ஊர் எல்லையில் ஒதுக்கப்பட்ட தெருவிலோ இருப்பார்கள். அலைந்து திரிபவர்கள் சிறு பகுதியினரே. விரட்டி விரட்டி அலைய வைத்துவிட்டு, அலைவது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று பாட்டு எழுதியவர்கள் மற்றவர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ரோமாக்களில் 80 சதவீதம் பேர் வறுமை அபாயத்தில் இருந்தார்கள். ஒன்றியத்தின் பொதுச் சராசரி அப்போது 17 சதவீதம். பள்ளி விஷயத்தில் அந்த ஆண்டுகளில் நிலைமை பின்னோக்கிப் போயிருந்தது. மாணவர்களில் எல்லோருமோ பெரும்பாலோரோ ரோமாக்களாகவே இருக்கும் பள்ளிகளில் படிக்கும் ரோமா குழந்தைகள் 2016இல் 44 சதவீதம். ஐந்து ஆண்டுகளில் அது 52 சதவீதமாகிவிட்டது.

சரி, இதில் இளைஞர் பணியாளர்களுக்கு என்ன வேலை? பள்ளி ஆசிரியருக்குப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, பெற்றோரின் பார்வையும் உண்டு. இளைஞர் மன்றம், கோடை முகாம், தன்னார்வ அமைப்பு இவற்றை நடத்துபவருக்கு அந்தக் கட்டுகள் குறைவு. அவர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து பேசுகிறவர். அவர்கள் போனில் பார்த்துச் சிரிக்கும் மீம் எது என்று அவருக்குத் தெரியும். ஐரோப்பிய மன்றம் இதைப் பல காலம் முன்பே புரிந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மனித உரிமைகளுக்கென்றே இயங்கும், 46 நாடுகள் உறுப்பினராக உள்ள தனி அமைப்பு இது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1972 முதலும் புடாபெஸ்டில் 1995 முதலும் இளைஞர் மையங்களை நடத்திவருகிறது. தங்கும் அறை, கூட்ட அறை, மொழிபெயர்ப்பு வசதி எல்லாம் அங்கே உண்டு. பல நாட்டு இளைஞர் பணியாளர்கள் ஒரு வாரம் தங்கிப் பயிற்சி பெறுவார்கள். 2010 கோடையில் பிரான்ஸ் ரோமா முகாம்களைக் கலைத்து மக்களை ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் அனுப்பியது பெரிய சர்ச்சையாகி, அந்த அக்டோபரில் ரோமாக்கள் குறித்த ஸ்ட்ராஸ்பூர்க் பிரகடனம் வந்தது. மறு ஆண்டு ரோமா இளைஞர்களுக்கான செயல்திட்டமும் உருவானது. பயிற்சிகள் முறைப்படி பெருகியது அதன் பிறகுதான்.

இந்தப் பயிற்சிகளில் மிகப் பரவலான, மிகக் குறைந்த பயன் தரும் வகை ஒன்று உண்டு. அதைக் கலாசார விழா என்று சொல்லலாம். ரோமா இசைக்குழு வரும், உணவு பரிமாறப்படும், நீலமும் பச்சையுமான பின்னணியில் சிவப்புச் சக்கரம் கொண்ட கொடி தொங்கும். 1971 ஏப்ரல் 8ஆம் தேதி லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு ஏற்ற கொடி அது. அதற்குப் பின்னால் பெரிய அரசியல் இருக்கிறது. ஆனால் விழா மாலையில் அது அலங்காரத் துணி ஆகிவிடுகிறது. வந்தவர்கள் ஆடிப் பாடிவிட்டு, எவ்வளவு வண்ணமயமான மக்கள் என்று வியந்தபடி வீட்டுக்குப் போவார்கள். ரோமாக்கள் என்றால் இசையும் ஆட்டமும் என்ற பழைய படம் இதனால் இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும். நன்றாக வயலின் வாசிப்பவருக்கு யாரும் அதற்காக வீடு வாடகைக்குக் கொடுப்பதில்லை. ரோமாக்களை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தால் வெறுப்பு கரைந்துவிடும் என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. அண்டை வீட்டிலேயே நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் இருந்த மக்களுக்கு இனி என்ன அறிமுகம்?

அதனால் நல்ல பயிற்சி பார்வையைத் திருப்பிப்போடுகிறது. ரோமாக்கள் யார் என்பதை விட, நாம் அவர்களை ஏன் இப்படிப் பார்க்கிறோம், அந்தப் பார்வை எப்படிச் சட்டமாகவும் பள்ளி விதியாகவும் மாறுகிறது என்பதே அதில் பாடம். ஐரோப்பிய மன்றம் இதற்கென்றே வெளியிட்ட கையேட்டுக்கு ‘மிரர்ஸ்’, அதாவது கண்ணாடிகள் என்று பெயர் வைத்தது காரணத்தோடுதான். மன்றத்தின் இனவெறி எதிர்ப்பு ஆணையமும் 2011இல் தந்த பரிந்துரையில் ரோமா வெறுப்பை ஒரு தனி வகை இனவெறி என்றே வரையறுக்கிறது. அதை வறுமைப் பிரச்சினையாகவோ கலாசாரப் பிரச்சினையாகவோ சுருக்கவில்லை.

கண்ணாடி காட்டுவது சொல்லும்போது சுலபம், அறைக்குள் செய்யும்போது எத்தனை வழுக்கல் என்பதை ஒரு விளையாட்டை வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பிய மன்றம் 2002இல் வெளியிட்ட ‘காம்பஸ்’ என்ற மனித உரிமைக் கல்விக் கையேட்டில் ‘ஓர் அடி முன்னே வை’ என்றொரு பயிற்சி இருக்கிறது. ஐரோப்பாவில் இளைஞர் பணி செய்கிறவர்களில் இதை அறியாதவர் குறைவு. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. அதில் ஒரு பாத்திரம் எழுதியிருக்கும். பயிற்சியாளர் ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். பணக் கஷ்டம் உனக்கு வந்ததே இல்லை. போலீஸ் உன்னை நிறுத்திச் சோதிக்கும் என்ற பயம் உனக்கு இல்லை. இப்படிப் போகும். தன் பாத்திரத்துக்குப் பொருந்தினால் ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். முடிவில் சிலர் அறையின் மறுகோடியில் நிற்பார்கள், சிலர் தொடங்கிய கோட்டிலேயே நிற்பார்கள். சொற்பொழிவு செய்யாததை அந்த இடைவெளி செய்துவிடும்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று, ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்காத 17 வயது ரோமா பெண். சிக்கல் இங்கேதான். அந்தச் சீட்டைப் பெற்றவர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரும். கூடவே, ரோமா பெண் என்றால் படிக்காதவள் என்ற படம் இன்னொரு முறை அழுத்தமாகப் பதியும். அந்த வரிசையில் சட்டம் படிக்கும் ஒரு ரோமா மாணவியும் நின்றிருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் விளையாட்டுக்குப் பிறகு வரும் உரையாடலுக்கு அவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள். உன் பாத்திரத்தின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று உனக்கு எங்கிருந்து தெரிந்தது என்ற கேள்வி அதில் வரும். செய்தியிலிருந்தா, வீட்டில் கேட்ட பேச்சிலிருந்தா, ஒரு ரோமா நண்பரிடமிருந்தா? நண்பர் என்று சொல்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பயிற்சியின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பயிற்சி தருபவர்கள் விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, உரையாடலுக்குப் பத்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு, காபி இடைவேளைக்கு ஓடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் சீட்டுகளையே மாற்றி எழுதலாம். நகராட்சியில் வேலை பார்க்கும் ரோமா பொறியாளர் ஒருவர், வாடகை வீடு தேடும்போது குடும்பப் பெயரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்ற பதிலைக் கேட்கிறார். இந்தச் சீட்டு கையில் இருப்பவர் பாதி தூரம் முன்னேறித் திடீரென்று நிற்பார். ஏன் நின்றாய் என்று கேட்கும்போது பேச்சு வறுமையை விட்டுப் பாகுபாட்டுக்கு வந்துவிடும்.

வரலாறு இல்லாமல் இந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்கும். ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மோல்டாவியாவிலும் ரோமாக்கள் 14ஆம் நூற்றாண்டு முதல் அடிமைகளாக இருந்தார்கள். மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் அரசுக்கும் சொந்தமான உடைமைகள். முழு விடுதலை கிடைத்தது 1855, 1856 ஆண்டுகளில்தான். பவேரியக் காவல்துறை 1899இல் மியூனிக்கில் ரோமாக்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டவென்றே தனி அலுவலகம் திறந்தது. பிரான்ஸ் 1912 சட்டத்தின்படி நாடோடிகள் என்று வகைப்படுத்தியவர்களுக்குக் கைரேகையும் உடல் அளவுகளும் பதித்த அடையாளப் புத்தகத்தைக் கொடுத்து, போகும் ஊரிலெல்லாம் காட்ட வைத்தது. அது 1969 வரை நீடித்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரேகைச் சட்டம் என்று நினைவில் வைத்திருக்கும் மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு, பெருங்காமநல்லூரில் 1920இல் துப்பாக்கிச் சூடு நடந்தது எதற்காக என்று தெரிந்தவர்களுக்கு, இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2008இல் இத்தாலி நாடோடிகள் நெருக்கடி நிலை என்று அறிவித்து, முகாம்களில் இருந்த ரோமாக்களிடம், குழந்தைகள் உட்பட, கைரேகை எடுத்தது.

நாஜிகள் கொன்ற ரோமாக்கள், சின்ட்டிகள் (ஜெர்மனிப் பகுதியில் நெடுங்காலமாக வாழும் ரோமா பிரிவினர்) எண்ணிக்கை இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, ஆஷ்விட்ஸ் பிர்க்கெனா வதை முகாமில் மிச்சமிருந்த சுமார் 4,300 பேரை ஒரே இரவில் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள். இது இன அழிப்பு என்று மேற்கு ஜெர்மனி அரசு ஒப்புக்கொண்டது 1982இல். அதற்கும் முன்பாக, 1980இல் சின்ட்டி செயல்பாட்டாளர்கள் பழைய நாஜி வதை முகாமான தாஹவில் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. செக் நாட்டில் லெட்டி என்ற இடத்தில் இருந்த முகாமில் ரோமாக்களைக் காவல் காத்தவர்கள் செக் காவலர்கள். அங்கே 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1970களில் அந்த இடத்தில் பன்றிப் பண்ணை கட்டினார்கள். அரசு அதை விலைக்கு வாங்கி இடித்து, நினைவிடம் திறப்பதற்கு 2024 ஆகிவிட்டது. செக் இளைஞர் ஒருவருக்கு ஆஷ்விட்ஸைப் பற்றிச் சொன்னால் அது ஜெர்மானியர் செய்த குற்றம் என்று கேட்டுக்கொள்வார். லெட்டியைப் பற்றிச் சொன்னால் முகம் மாறும். பயிற்சியாளர் எந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அதனால்தான் முக்கியம். கூட்டத்தில் இருப்பவர்களின் நாட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

இந்த வரலாற்றுக் கல்வியை முன்னெடுத்தவர்கள் ரோமா இளைஞர்களே. டெர்னைப் என்ற பன்னாட்டு ரோமா இளைஞர் வலையமைப்பு ஒவ்வொரு ஆகஸ்ட் 2க்கும் க்ராகோவிலும் ஆஷ்விட்ஸிலும் இளைஞர்களைத் திரட்டிவந்தது. 2014இல், எழுபதாம் ஆண்டு நினைவின்போது, சுமார் ஆயிரம் பேர் வந்தார்கள். மறு ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த நாளை ரோமா இன அழிப்பு நினைவு நாளாக அங்கீகரித்தது.

இப்போது பள்ளிக்கு வருவோம். நிறுவனம் எப்படிப் பாகுபாடு செய்கிறது என்பதை இளைஞர் பணியாளருக்குப் புரியவைக்க ஒஸ்ட்ராவா வழக்கை விடச் சிறந்த உதாரணம் இல்லை. செக் நாட்டின் ஒஸ்ட்ராவா நகரில் ரோமா குழந்தைகளை உளவியல் தேர்வு வைத்து, அறிவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 18 குழந்தைகளின் சார்பில் வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. ஒஸ்ட்ராவாவில் ஒரு ரோமா குழந்தை சிறப்புப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு, ரோமா அல்லாத குழந்தையைப் போல 27 மடங்கு என்று கணக்குக் காட்டினார்கள். 2006இல் முதல் தீர்ப்பு குழந்தைகளுக்கு எதிராக வந்தது. 2007 நவம்பர் 13ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றி, பாகுபாடு நடந்தது என்று சொன்னது.

இதில் பயிற்சிக்குப் பயன்படும் நுணுக்கங்கள் நிறைய. எந்தச் சட்டத்திலும் ரோமா என்ற சொல்லே இல்லை. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெறுப்போடு நடந்துகொண்டவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆனால் அந்தத் தேர்வு பெரும்பான்மைச் சமூகத்துக் குழந்தையை மனதில் வைத்துத் தயாரானது. பெற்றோருக்கு வேறு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை தனியாகக் கேலிக்கு ஆளாகும் என்ற பயம் வேறு. பாகுபாட்டுக்குள்ளாகாமல் இருக்கும் உரிமையைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பயிற்சியில் இந்த வழக்கை நாடகமாக நடித்துப் பார்க்கலாம். ஒருவர் உளவியலாளர், ஒருவர் தலைமை ஆசிரியர், ஒருவர் அம்மா. ஒவ்வொருவரும் தன் அளவில் நியாயமாகவே நடப்பார்கள். கடைசியில் குழந்தை தவறான பள்ளியில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஹங்கேரியின் ஜ்யோன்ஜ்யோஷ்பாட்டா ஊர்க் கதை இதைவிட அப்பட்டம். ஒரே பள்ளிக் கட்டடம். ரோமா குழந்தைகள் தரைத்தளத்தில், மற்றவர்கள் மேல்தளத்தில். 2020 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்குடும்பங்களுக்கு இழப்பீடு உறுதி செய்தது. அதற்கு முன்பே பிரதமர் விக்டர் ஓர்பான் அந்த இழப்பீட்டை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியிருந்தார். ஒரு நாட்டின் பிரதமரே அப்படிப் பேசும்போது, மாலை நேர இளைஞர் மன்றத்தில் வட்டமாக உட்காரவைத்துச் சமத்துவம் பேசும் பணியாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

யார் பயிற்சி தருவது என்பது அடுத்த கேள்வி. ரோமா அல்லாத நிபுணர்கள் ரோமாக்களைப் பற்றி ரோமா அல்லாதவர்களுக்குச் சொல்லும் அறைகள் இன்னும் இருக்கின்றன. அதற்கு மாற்று என்று ஒரே ஒரு ரோமா இளைஞரை அழைத்து, உன் கதையைச் சொல் என்று நடுவில் நிறுத்துவதும் நடக்கிறது. அவர் தன் அவமானங்களை எடுத்துவைக்க, மற்றவர்கள் கண் கலங்க, மாலையில் அவர் தனியாக அறைக்குப் போவார். அடுத்த பயிற்சியிலும் அதே கதை. சம நிலை, பொதுவான இலக்கு, கூட்டு வேலை, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் இரு குழுக்களின் சந்திப்பு தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதிவிட்டார். சாட்சி சொல்ல ஒருவரும் கேட்க இருபது பேரும் இருக்கும் அறையில் முதல் நிபந்தனையே இல்லை. ரோமா பயிற்சியாளர் திட்டமிடும் கட்டத்திலிருந்தே குழுவில் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளமும் மற்றவர்களுக்கு நிகராக இருக்க வேண்டும். தன் அடையாளத்தை வெளியே சொல்ல விரும்பாத ரோமா இளைஞர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். கைதூக்கச் சொல்லி அவர்களைக் கண்டுபிடிக்க முயல்வது கொடுமை.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் பயிற்சி ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. கடைசி நாள் கட்டித் தழுவல், வாட்ஸ்ஆப் குழு, சான்றிதழ். அப்புறம் பணியாளர் தன் ஊருக்குத் திரும்புகிறார். அங்கே பள்ளி அப்படியே இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் ரோமா குழந்தைகளைத் தனியாகப் பிரிப்பது குறித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2015இல் நடவடிக்கை தொடங்கியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், விஷயத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆணையமே இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டும் அமைப்போடு, ஒரு வாரப் பயிற்சி முடித்த 25 வயதுப் பணியாளர் தனியாக மோத முடியாது.

இதற்கு உதவக்கூடிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் 2011இல் தொடங்கிய ரோமெட் திட்டத்தின் மூலம், பள்ளிக்கும் நகராட்சிக்கும் ரோமா குடும்பங்களுக்கும் நடுவே நின்று பேசும் மத்தியஸ்தர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் பலர் ரோமாக்கள். எந்தத் தலைமை ஆசிரியர் என்ன சாக்குச் சொல்லி ரோமா பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார் என்பது அவர்களுக்குத் தெரியும். இருபது நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒருவரை அழைப்பதை விட, ஒரே ஊரிலிருந்து இளைஞர் பணியாளர், மத்தியஸ்தர், ஆசிரியர் மூவரையும் சேர்த்து அழைப்பது பயிற்சி நடத்துபவர்களுக்கு அவ்வளவு பகட்டாக இருக்காது. ஆனால் ஊர் திரும்பியதும் யாரோடு சேர்ந்து எதைச் செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கும். ஸ்லோவாக்கியாவில் முதல் வகுப்புச் சேர்க்கை நடப்பது ஏப்ரல் மாதத்தில். பயிற்சியை மார்ச்சில் வைக்கலாம்.